வன்னியில் போனைப் பத்திரமாகப் பாவிப்பது எப்படி

புதுப் போன் பெட்டிக்குள் வரும் சின்னப் புத்தகத்தை அநேகமாக யாரும் விரித்துப் பார்ப்பதில்லை. அதில் ஒரு வரி இந்த மண்ணில் இருப்பவர்களுக்கென்றே எழுதியது போல இருக்கும்: 0 முதல் 35 பாகை செல்சியஸ் வரை வெப்பம் உள்ள இடத்தில் பாவிக்கவும். சித்திரையில் இருந்து ஆவணி வரை வன்னியின் மத்தியான வெயில் அந்த மேல் எல்லையைத் தொட்டுக்கொண்டுதான் நிற்கும். தகரக் கூரைக்குக் கீழும், மோட்டார் சைக்கிள் சீற்றுக்கு அடியிலும், வெயிலில் நிற்கும் உழவியந்திரத்தின் மட்காட்டிலும் சூடு அதைத் தாண்டிவிடும். ஆகவே போனைப் பற்றிய பாதுகாப்பை ஓடிபி எனும் ஒருமுறைக் குறியீடு, பாஸ்வேர்ட் என்று தொடங்காமல் பற்றரியில் இருந்தே தொடங்குவோம். காசு போனால் உழைக்கலாம். கொட்டில் பற்றினால் உயிருக்கும் ஆபத்து.

வெக்கையும் பற்றரியும்

லித்தியம் பற்றரி இரண்டு நேரங்களில் சூடாகும்: சார்ஜ் ஏறும்போதும், போன் கடுமையாக வேலை செய்யும்போதும். இரண்டும் ஒன்றாக நடந்தால் சூடு இரட்டிப்பாகும். சார்ஜில் போட்டுக்கொண்டே வெளிநாட்டுக்கு வீடியோ கோல் கதைப்பது, பிள்ளைகள் கேம் விளையாடுவது இரண்டும் இதற்குள் வரும். போனின் முதுகைத் தொட்டுப் பாருங்கள். கையை வைத்திருக்க முடியாத அளவு சுட்டால் சார்ஜரைக் கழற்றி, கவரை எடுத்துவிட்டு, நிழலில், சீமெந்துத் தரையிலோ ஓட்டிலோ வையுங்கள். குளிர்சாதனப் பெட்டிக்குள் வைக்க வேண்டாம். சூடான போனுக்குள் இருக்கும் காற்றின் ஈரம் உள்ளேயே துளியாகப் படிந்து, உள்ளிருக்கும் மின்சுற்றைக் கெடுத்துவிடும்.

இரவில் சார்ஜ் போடும் இடத்தை ஒருமுறை யோசித்துத் தெரிவு செய்யுங்கள். நுளம்பு வலைக்குள் வயரை இழுத்து, தலையணைக்குப் பக்கத்தில் போனை வைத்துப் படுப்பது பல வீடுகளில் வழக்கம். வலை, மெத்தை, பஞ்சுத் தலையணை மூன்றும் சூட்டை வெளியே விடாது, மூன்றும் இலகுவில் தீப்பிடிக்கும். படுக்கையில் இருந்து இரு கை விரித்த நீளம், அதாவது ஒரு பாகமாவது தள்ளி, ஸ்ரூலிலோ தரையிலோ வைத்து, தூங்க முன்னர் சார்ஜரைக் கழற்றுவதே சரி. எப்போதும் 100 வீதம் ஏற்ற வேண்டிய தேவையும் இல்லை. 20 இற்குக் கீழ் விடாமலும் 80 அளவில் கழற்றியும் வந்தால் பற்றரி கூடக் காலம் உழைக்கும். மின்வெட்டு வரும் என்று தெரிந்த நாளில் மட்டும் முழுதாக ஏற்றிக்கொள்ளுங்கள்.

பற்றரி வீங்குவதை முதலில் மேசைதான் சொல்லும். போனை மட்டமான மேசையில் மல்லாக்காக வைத்து ஒரு மூலையைத் தட்டினால் ஆடும். பின்மூடி கிளம்பும், திரையின் ஓரத்தில் நகம் நுழையும் இடைவெளி தெரியும். அந்த நிமிடத்தில் இருந்து அதைச் சார்ஜில் போடக்கூடாது, அமத்தி மூடக்கூடாது, ஊசியால் குத்திக் காற்றை எடுக்கவும் கூடாது. உள்ளே இருப்பது எரியக்கூடிய வாயு. போனை நிறுத்தி, மணல் போட்ட மண்சட்டியில் வைத்து, வீட்டுக்கு வெளியே நிழலில் விட்டுவிட்டு, திருத்துகிற கடைக்குக் கொண்டுபோங்கள். பழைய பற்றரிகளை வளவுக் குப்பையோடு சேர்த்துக் கொளுத்துவதைத் தயவுசெய்து நிறுத்துங்கள். நெருப்புக்குள் போன லித்தியம் பற்றரி வெடித்துச் சிதறும். குப்பை எரியும் இடத்தைச் சுற்றி நிற்பது பெரும்பாலும் பிள்ளைகள்தான்.

சார்ஜில் இருக்கும் போன் புகைந்தால் கையால் பிடுங்க ஓடாமல் முதலில் சுவரில் உள்ள சுவிட்சையோ மெயின் சுவிட்சையோ நிறுத்துங்கள். மின்சாரம் நின்ற பிறகு வாளித் தண்ணீரை நிறைய ஊற்றலாம். பற்றரியைக் குளிரவைத்தால்தான் நெருப்பு திரும்பப் பிடிக்காது. புகையைச் சுவாசிக்க வேண்டாம், கதவுகளைத் திறந்துவிட்டு வெளியே வாருங்கள்.

பிளக், வயர், இடி

எங்கள் வீடுகளில் அடிக்கடி காணும் ஒரு பிழை இது. சார்ஜருக்கு இரண்டு உருண்டை முள், சுவரில் இருப்பதோ மூன்று துவாரம். மேல் துவாரத்துக்குள் பேனை மூடியையோ ஈர்க்குக் கட்டையையோ குத்தி, உள்மூடியைத் திறந்து, இரண்டு முள்ளையும் கீழே செருகிவிடுவார்கள். செருகின முள் உள்ளே இறுக்கமாகப் பிடிபடாது. தளர்வாகத் தொடும் இடத்தில் பொறி பறக்கும், பிளாஸ்டிக் உருகும். நாளடைவில் அந்த சொக்கற் கறுத்து, மணக்கத் தொடங்கும். குத்தப் பழகின குச்சியைப் பார்த்து வளரும் சின்னப்பிள்ளை ஒருநாள் ஆணியைக் குத்தும். பியூஸ் (உருகி) பூட்டிய நல்ல அடப்டர் ஒன்றோ மூன்று முள் சார்ஜர் ஒன்றோ வாங்கினால் இந்தப் பிரச்சினை முடிந்தது. போனை விட முக்கியமாக இதற்குச் செலவழிக்கச் சொல்வோம்.

சந்திக்கடையில் தொங்கும் மலிவுச் சார்ஜர்களில் சிக்கல் என்னவென்றால், 230 வோல்ற் வரும் பக்கத்துக்கும் 5 வோல்ற் போகும் பக்கத்துக்கும் இடையில் இருக்க வேண்டிய தடுப்பு மிக மெல்லியதாக இருக்கும். அது உடைந்தால் வீட்டுக் கரண்ட் நேராகப் போனுக்கு வரும், ஈரக்கையோடு பிடித்திருப்பவருக்கும் வரும். கையில் எடுத்தால் பஞ்சு மாதிரிப் பாரமே இல்லாதது, எத்தனை வோல்ற், எத்தனை அம்பியர் என்று எழுத்துத் தெளிவாக இல்லாதது, செருகினதும் கிர் என்று சத்தம் போடுவது, கால் மணித்தியாலத்தில் கொதிப்பது, இவற்றை வாங்க வேண்டாம். போனைத் தொட சுள்ளென்று அடித்தால் அந்தச் சார்ஜரை அன்றைக்கே வெட்டி எறியுங்கள். வயரின் கழுத்து வெடித்துச் செம்பு தெரிந்தால் ரேப் சுற்றிச் சமாளிக்காமல் மாற்றுங்கள். வீட்டில் ட்ரிப் சுவிட்ச் இருந்தால் அதிலுள்ள டெஸ்ட் பொத்தானை மாதம் ஒருமுறை அமத்திப் பாருங்கள், விழ வேண்டும். விழாவிட்டால் அது வெறும் பெட்டி.

சோலரில் சார்ஜ் போடுகிற வீடுகள் இன்னும் இருக்கின்றன. 12 வோல்ற் பற்றரியில் இருந்து வயரை நேரடியாகப் போனுக்குக் கொடுக்காமல், வாகனத்துக்கு விற்கும் யுஎஸ்பி சார்ஜரை இடையில் போட வேண்டும். பற்றரிக்குப் பக்கத்தில் ஒரு உருகியும் அவசியம்.

இடியைப் பற்றி இரண்டு நம்பிக்கைகள் உலாவுகின்றன. போன் மின்னலை இழுக்கும் என்பது பிழை. கையில் தனியாக இருக்கும் போன் மின்னலைக் கூப்பிடாது. ஆனால் சார்ஜில் போட்டிருக்கும் போன் வேறு கதை: மின்கம்பியில் எங்கோ விழுந்த இடி, வயர் வழியாக வீட்டுக்குள் வந்து, சார்ஜரைத் தாண்டிக் காதுக்கு வரும். பங்குனி, சித்திரையிலும் பிறகு ஐப்பசி, கார்த்திகையிலும் பின்னேரம் வானம் கறுக்கும்போதே சார்ஜர், ரவுட்டர், டிவி எல்லாவற்றையும் சுவரில் இருந்து கழற்றிவிடுங்கள். சுவிட்சை நிறுத்தினால் மட்டும் போதாது. மின்னல் தெரிந்து எண்ணத் தொடங்கி 30 இற்குள் முழக்கம் கேட்டால் இடி 10 கிலோமீற்றருக்குள் நிற்கிறது, வயலிலும் குளக்கட்டிலும் மரத்தடியிலும் நிற்கக்கூடாது. கடைசி முழக்கத்துக்குப் பிறகு அரை மணித்தியாலம் உள்ளேயே இருங்கள். ஆபத்து போனில் இல்லை, வெட்டவெளியில் இருக்கிறது.

தண்ணீர், தூசி, மருந்து

குளத்திலோ வாய்க்காலிலோ விழுந்த போனை எடுத்தவுடன் அமத்திப் பார்க்கத் தோன்றும். அப்படிச் செய்யாமல் உடனே நிறுத்துங்கள். சிம் தட்டைக் கழற்றி, போர்ட் கீழே பார்க்கும்படி பிடித்து மெதுவாகத் தட்டித் தண்ணீரை இறக்கி, காற்றுப் படும் நிழலில் 24 முதல் 48 மணித்தியாலம் விடுங்கள். அரிசிப் பானைக்குள் புதைப்பதால் பயன் இல்லை. அரிசித் தூளும் மாவும் போர்ட்டுக்குள் போய் ஒட்டிக்கொள்ளும், அப்பிள் நிறுவனமே 2024 இல் அப்படிச் செய்ய வேண்டாம் என்று எழுதியது. நந்திக்கடலிலோ கடற்கரையிலோ விழுந்தால் உப்புத்தான் பெரிய சேதம். போனை நிறுத்திய பிறகு நல்ல தண்ணீரில் ஒருமுறை அலசி எடுத்துக் காயவிட்டு, கூடிய கெதியில் கடைக்குக் கொண்டுபோக வேண்டும். ஐபி67 என்று எழுதிய போன் 1 மீற்றர் ஆழ நல்ல தண்ணீரில் 30 நிமிடம் தாங்கும் என்று சோதிக்கப்பட்டது. கடலுக்கு அந்த வாக்குறுதி இல்லை, ஒருமுறை திறந்து திருத்திய போனுக்கும் இல்லை.

அரிவு வெட்டுக் காலத்தில் சுணையும் தூசியும் சார்ஜ் போர்ட்டில் இறுகும். சார்ஜ் விட்டு விட்டு ஏறினால் புது வயர் வாங்க முன்னர், போனை நிறுத்தி, காய்ந்த பல்லுக்குச்சியால் மெதுவாகக் கிளறிப் பாருங்கள். ஊசி, சேப்டிபின் வேண்டாம்.

வயலுக்கு மருந்தடிக்கும்போது போனைச் சட்டைப்பையில் வைக்காதீர்கள். இதைக் கொஞ்சம் அழுத்திச் சொல்ல வேண்டும். மருந்து பட்ட கையால் ஒரு கோலுக்குப் பதில் சொன்னால் மருந்து போனுக்கு ஏறும், போனில் இருந்து கன்னத்துக்கும் உதட்டுக்கும் வரும். கையைக் கழுவினாலும் போன் கழுவப்படாது. அன்றிரவு அதே போனைப் பிள்ளை வாய்க்குக் கிட்டப் பிடித்து விளையாடும். போனை வரம்பில், நிழலில், இறுக்கக் கட்டிய சொப்பிங் பைக்குள் வைத்துவிட்டு, வேலை முடிந்து சவர்க்காரம் போட்டுக் கை கழுவிய பிறகு தொடுங்கள். தவறிப் பட்டுவிட்டால் போனை நிறுத்தி, சவர்க்காரத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் துடைத்து, பிறகு ஈரத்துணியால் துடைத்து, கவரைத் தனியாகக் கழுவுங்கள்.

வீதியும் காடும் இருட்டும்

ஏ9 வீதியில் பஸ்களின் வேகம் எல்லோருக்கும் தெரியும். மோட்டார் சைக்கிளில் ஹெல்மற்றுக்குள் போனைச் சொருகிக் கதைப்பவர் கதையில் இருப்பார், வீதியில் இருக்க மாட்டார். கோல் வந்தால் வீதியை விட்டு இறங்கி நிறுத்தி எடுங்கள், அல்லது பிறகு எடுங்கள். ஓமந்தையில் இருந்து பரந்தன் வரை தண்டவாளத்தை ஒட்டி நடந்தே பழகின ஊர்கள் பல உண்டு. இரண்டு காதிலும் இயர்போன் போட்டுத் தண்டவாளத்தில் நடக்கவே கூடாது. முன்னால் வரும் ரயிலின் சத்தம் நாங்கள் நினைக்கும் அளவுக்கு முன்கூட்டிக் கேட்காது.

போனில் உள்ள லைற் சில மீற்றருக்கு மேல் உதவாது. யானை நடமாடும் பக்கங்களில், ஒட்டுசுட்டான், நெடுங்கேணி, செட்டிகுளம் போன்ற இடங்களில், இருட்டினபின் வெளியே போனால் தனியான ரோர்ச் லைற் கொண்டுபோங்கள். போனின் சார்ஜ் கோல் எடுக்க மிஞ்சியிருக்க வேண்டும். யானையைக் கண்டால் படம் எடுக்க நிற்காமல் விலகுங்கள்.

காட்டிலோ புதிதாகத் துப்புரவாக்கும் காணியிலோ சந்தேகமான இரும்பு, வயர், குண்டு போன்ற ஏதாவது தெரிந்தால் கிட்டப்போய்ப் படம் எடுக்கவோ, பக்கத்தில் நின்று கோல் எடுக்கவோ வேண்டாம். வந்த அடிச்சுவட்டிலேயே திரும்பி, நன்றாக விலகி வந்த பிறகு 119 இற்குச் சொல்லுங்கள். இடத்தைக் காட்ட ஒரு மரத்தையோ கட்டையையோ மனதில் வைத்துக்கொண்டால் போதும்.

சிக்னல் குறைந்த இடத்தில் போன் கோபுரத்தைத் தேடித் தன் முழுச் சக்தியோடு கத்தும். பற்றரி விரைவாக இறங்குவதும் போன் சுடுவதும் அதனால்தான். சிக்னலே இல்லாத காட்டுக்குள் போகும்போது பிளைட் மோட்டில் போட்டால் பின்னேரம் திரும்பும்போது சார்ஜ் மிஞ்சும். கதிர்வீச்சைப் பற்றிக் கவலைப்படுபவர்களுக்கும் செய்ய வேண்டியது இதுவே: சிக்னல் ஒரு கோடு மட்டும் இருக்கும்போது போனைக் காதில் ஒட்டி நீண்ட நேரம் கதைக்காமல், ஸ்பீக்கரில் போட்டோ, திறந்த இடத்துக்கு வந்தோ கதையுங்கள். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2011 இல் இந்த அலைகளை 'புற்றுநோய் உண்டாக்கக்கூடும்' என்ற 2பி வகையில் சேர்த்தது. உறுதியான ஆதாரம் கிடைத்தால் சேர்க்கும் வகை அதுவல்ல. தூரம் கொஞ்சம் கூடினாலே உடம்பில் படும் அளவு வெகுவாகக் குறைந்துவிடும்.

கோல் போகாத இடத்தில் எஸ்எம்எஸ் பல தடவை போய்ச் சேரும், அதற்குச் சில விநாடி சிக்னல் போதும். ஜிபிஎஸ் வேலை செய்ய டேட்டாவும் சிக்னலும் தேவையில்லை. கூகுள் மேப்ஸில் உங்கள் மாவட்டத்தின் வரைபடத்தை வைபை உள்ள இடத்தில் முன்கூட்டியே இறக்கி வைத்திருந்தால் காட்டுக்குள்ளும் நீங்கள் நிற்கும் புள்ளி தெரியும். நீலப் புள்ளியை நீளமாக அமத்தினால் இரண்டு எண்கள் வரும். வன்னிக்குள் முதல் எண் 8.5 இற்கும் 9.6 இற்கும் இடையிலும், இரண்டாவது 79 இற்கும் 81 இற்கும் இடையிலும் இருக்கும். வேறு ஏதாவது வந்தால் பிழை. அந்த எண்களை எஸ்எம்எஸ்ஸில் அனுப்பினால் தேடி வருபவர் ஊர்ப்பெயர் தெரியாமலும் வந்துவிடுவார்.

எல்லோர் போனிலும் பதிந்திருக்க வேண்டியவை: அம்புலன்ஸ் 1990, பொலிஸ் 119, வெள்ளம் புயலுக்கு அனர்த்த முகாமைத்துவ நிலையம் 117, சிறுவர் உதவி 1929, பெண்கள் உதவி 1938. 1990 இற்குக் காசு இல்லை. பூட்டியிருக்கும் திரையிலும் தெரியும் அவசரத் தகவலில் இரத்தவகை, ஒவ்வாத மருந்து, வீட்டார் இலக்கம் மூன்றையும் போடுங்கள். அண்ட்ரொய்டில் செட்டிங்ஸ் போய் சேப்டி அண்ட் எமேர்ஜென்சி என்பதைத் தேடினால் வரும். மாரி தொடங்க முன்னர் ஒரு பவர் பாங்க் வாங்குவதாக இருந்தால், 10,000 எம்ஏஎச் என்று எழுதியதில் போனுக்கு வந்து சேர்வது சுமார் 6,000 என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். 5,000 எம்ஏஎச் போன் ஒருமுறை நிரம்பி, கொஞ்சம் மிஞ்சும்.

பொய்க்குரல்கள்

வன்னியில் வீட்டுக்கு ஒருவராவது கனடாவிலோ லண்டனிலோ சுவிசிலோ இருப்பார். அந்தப் பாசத்தையும் அந்தக் காசையும் குறிவைத்தே ஏமாற்றுக்காரர் வருகிறார்கள். அவர்களின் கதை மாறும், அடிப்படை மாறாது: உங்களை அவசரப்படுத்துவார்கள், வேறு யாரிடமும் கேட்க விடமாட்டார்கள்.

"மாமி, நான்தான், என்ர போன் உடைஞ்சிட்டுது, இது புது நம்பர். ஒரு ஆளுக்கு அவசரமாக் காசு போடோணும், பிறகு நான் அனுப்புறன்." படத்தில் மருமகனின் முகம் இருக்கும். வட்ஸ்அப் படத்தை யாரும் எடுத்துப் போடலாம். இதற்கு ஒரே பரிசோதனைதான்: அவருடைய பழைய இலக்கத்துக்கு நீங்களே கோல் எடுங்கள். எடுக்கவில்லையா, அவரோடு இருக்கும் இன்னொருவருக்கு எடுங்கள். குரலையும் முகத்தையும் கணினியால் செய்ய முடிகிற காலம் என்பதால், வீடியோவில் கண்டதையும் மட்டும் நம்ப வேண்டாம். குடும்பத்துக்குள் ஒரு இரகசியச் சொல்லை இப்போதே பேசி வையுங்கள். அம்மம்மாவின் வீட்டுப்பெயர், பழைய மாட்டின் பெயர், எதுவும் சரி, பேஸ்புக்கில் எழுதாததாக இருக்க வேண்டும். காசு என்ற கதை வந்தால் அந்தச் சொல்லைக் கேளுங்கள்.

"அம்மா, பாங்கில இருந்து கதைக்கிறம். உங்கட கார்ட் புளொக் ஆகப்போகுது. இப்ப ஒரு நம்பர் வரும், அதைச் சொல்லுங்கோ." அந்த ஆறு இலக்க ஓடிபிதான் உங்கள் பெட்டகத்தின் திறப்பு. வங்கியில் இருந்து யாரும் அதைக் கேட்பதில்லை, மனேஜர் கேட்டாலும் சொல்லக்கூடாது. வட்ஸ்அப்புக்கும் இப்படி ஆறு இலக்கம் வரும். "தவறி உங்கட போனுக்கு வந்திட்டுது, அனுப்பிவிடுங்கோ அக்கா" என்று தெரிந்தவரின் கணக்கில் இருந்தே கேட்பார்கள், ஏனெனில் அந்தத் தெரிந்தவரின் கணக்கு முதல்நாளே பறிபோயிருக்கும்.

இதைத் தடுக்க வட்ஸ்அப்பில் செட்டிங்ஸ், எக்கவுண்ட், டூ ஸ்டெப் வெரிபிகேஷன் போய் ஆறு இலக்கப் பின் ஒன்றைப் போட்டு, மின்னஞ்சலையும் சேருங்கள். பிறந்த ஆண்டு, 123456 வேண்டாம். லிங்க்ட் டிவைசஸ் என்பதைத் திறந்து, தெரியாத கணினி ஏதாவது இருந்தால் வெளியேற்றுங்கள். கணக்கு பறிபோய்விட்டால் உங்கள் இலக்கத்தை மீண்டும் பதிந்து எஸ்எம்எஸ்ஸில் வரும் குறியீட்டைக் கொடுக்கும்போது திருடன் வெளியேறிவிடுவான். அவன் தன் பின் இலக்கம் ஒன்றைப் போட்டிருந்தால் நீங்கள் 7 நாள் காத்திருக்க வேண்டியிருக்கும், ஆனால் அந்த நாட்களில் அவனாலும் உங்கள் பெயரில் எழுத முடியாது. அதற்கிடையில் சொந்தக்காரர் எல்லோருக்கும் கோல் எடுத்துச் சொல்லிவிடுங்கள்.

இன்னொரு வழி அதிகம் பேருக்குத் தெரியாதது. "சிக்னல் சரிசெய்ய இதை டயல் பண்ணுங்கோ" என்று நட்சத்திரத்தில் தொடங்கி, நடுவில் ஒரு தொலைபேசி இலக்கம் வந்து, # இல் முடியும் ஒன்றைத் தருவார்கள். அது உங்களுக்கு வரும் கோல்களை எல்லாம் அவர்களுக்குத் திருப்பிவிடும், குரலில் வரும் ஓடிபியும் அவர்களுக்கே போகும். *#21# அடித்தால் திருப்பப்பட்டிருக்கிறதா என்று காட்டும். ##002# அடித்தால் எல்லாத் திருப்பங்களும் அழியும்.

கல்யாண அழைப்பிதழ், பரீட்சை முடிவு, நிவாரணப் பட்டியல் என்ற பெயரில் வட்ஸ்அப்பில் வரும் கோப்பின் கடைசியில் ஏபிகே என்று இருந்தால் அது அழைப்பிதழ் அல்ல, ஒரு செயலி. நிறுவினால் உங்கள் எஸ்எம்எஸ் முழுவதையும் வாசிக்க முடியும். திறக்காமல் அழியுங்கள். உங்கள் திரையைத் தூரத்தில் இருந்து பார்க்க எனிடெஸ்க் போன்ற செயலி ஒன்றைப் போடச் சொல்பவரும் அப்படித்தான். பிளே ஸ்டோரில் இருப்பதால் அது பாதுகாப்பு என்று எண்ண வேண்டாம், செயலியில் பிழை இல்லை, போடச் சொல்பவரில்தான் பிழை.

"வெளிநாட்டுப் பார்சல் கஸ்டம்ஸில் நிற்குது", "வீட்டில் இருந்து லைக் போட்டால் நாளுக்கு இவ்வளவு", "ஆட்களைச் சேர்த்தால் கொமிஷன்" எல்லாமே முதலில் கொஞ்சம் காசு தந்து, பிறகு பெரிய தொகையைக் கேட்கும். ஆட்களைச் சேர்த்து ஓடும் பிரமிட் முறை வங்கிச் சட்டத்தின் 83சி பிரிவின் கீழ் குற்றம், சேர்த்துவிடுபவரும் மாட்டுவார். கடன் செயலிகள் வேறு விதமாகக் கொல்லும். நிறுவும்போது தொடர்பு இலக்கங்களையும் படங்களையும் பார்க்க அனுமதி கேட்கும். தவணை பிந்தினால் உங்கள் அயலவருக்கும் மாமியாருக்கும் அவமானமான செய்திகள் போகும். கடன் தருபவர் அனுமதி பெற்றவரா என்பதை மத்திய வங்கியின் பட்டியலில் பார்க்கலாம். கடன் கொடுக்க உங்கள் தொடர்பு இலக்கங்கள் எதற்கு என்ற ஒரு கேள்வியே பல நேரங்களில் போதும்.

காசு போய்விட்டது என்று தெரிந்தால் வெட்கப்பட்டு இரண்டு நாள் மூடி வைப்பதுதான் திருடனுக்குக் கிடைக்கும் பெரிய உதவி. வங்கிகளுக்கு இடையிலான பணமாற்றம் நிமிடங்களில் போய்விடும், அதை எடுக்க முன்னர் தடுக்க வேண்டும். கார்ட்டின் பின்பக்கத்தில் உள்ள இலக்கத்துக்கு உடனே எடுத்துக் கணக்கை நிறுத்தச் சொல்லுங்கள். காசு போன கணக்கிலக்கம், நேரம், தொகை மூன்றையும் கொடுத்து, முறைப்பாட்டு இலக்கம் ஒன்றைக் கேட்டு எழுதுங்கள். செய்திகளை அழிக்காமல் ஸ்கிரீன்ஷொட் எடுத்துப் பொலிஸில் முறைப்பாடு செய்யுங்கள். இணையம் சம்பந்தமான உதவிக்கு, நாட்டின் இணையப் பாதுகாப்பு அமைப்பான ஸ்ரீ லங்கா சேர்ட்டின் 101 இலக்கம் இருக்கிறது.

படங்களும் பிள்ளைகளும்

அந்தரங்கப் படத்தை வைத்து யாராவது மிரட்டினால் காசு கொடுக்க வேண்டாம், கொடுத்தால் கேட்பது கூடும். மிரட்டிய செய்தியை அழிக்காமல் வைத்து, அவரைத் தடுத்து, நம்பிக்கையான ஒரு பெரியவரிடம் அன்றே சொல்லுங்கள். வயது வந்தவர்களின் படம் பரவாமல் தடுக்க ஸ்டொப் என்சிஐஐ என்ற இலவசத் தளமும், 18 வயதுக்குக் கீழானவர்களுக்கு டேக் இட் டவுன் என்ற தளமும் உள்ளன. இரண்டும் படத்தைக் கேட்பதில்லை, உங்கள் போனிலேயே அதன் அடையாளக் குறியீட்டை மட்டும் எடுத்துக்கொள்ளும். பிள்ளை வந்து சொன்னால் அடிக்காதீர்கள், போனைப் பிடுங்காதீர்கள். அடி விழும் என்ற பயத்தில்தான் பிள்ளைகள் மிரட்டுபவன் சொன்னதைச் செய்துகொண்டே போகிறார்கள்.

சின்னப்பிள்ளைகளின் போனில் கூகுள் பமிலி லிங்க் போட்டால் நேரத்தையும் செயலிகளையும் நீங்கள் தீர்மானிக்கலாம். கண்ணுக்கு: திரையை ஒரு முழம் தள்ளிப் பிடிப்பது, 20 நிமிடத்துக்கு ஒருமுறை 20 விநாடி வேலிக்கு அப்பால் பார்ப்பது, பகலில் வெளியே விளையாட விடுவது.

காணிப் பெர்மிட், பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை, வங்கிப் புத்தகம் இவற்றின் படம் போனில் இருப்பது நல்லது. இடம்பெயர்வில் பத்திரம் தொலைத்தவர்கள் அதன் அருமை அறிவார்கள். ஆனால் கலரியிலும் வட்ஸ்அப் குழுவிலும் திறந்து கிடக்கக்கூடாது. கூகுள் போட்டோஸில் லொக்ட் போல்டர் என்ற பூட்டிய இடத்தில் போட்டு, இன்னொரு பிரதியை மெமரி கார்ட்டில் எடுத்து வேறு வீட்டில் வையுங்கள். போன் தொலைந்தாலும் அந்தப் பிரதி மிஞ்சும். வெளிநாட்டுக் காசு எடுக்கும் இலக்கத்தைப் படம் எடுத்து மற்றவருக்கு அனுப்ப வேண்டாம்.

சிம், தொலைந்த போன்

சிம் உங்கள் அடையாள அட்டையில் பதிவாகியிருக்க வேண்டும். வங்கி ஓடிபி வரும் சிம் மச்சானின் பெயரிலோ காலமானவரின் பெயரிலோ இருந்தால், தொலைந்த அன்று அதை உங்களால் எடுக்க முடியாது. நீண்ட நாள் ரீலோட் போடாத இலக்கத்தை நிறுவனம் இன்னொருவருக்குக் கொடுத்துவிடலாம், ஆகவே வெளிநாடு போகிறவர் வங்கியிலும் வட்ஸ்அப்பிலும் இலக்கத்தை மாற்றிவிட்டுப் போக வேண்டும். சிம்மிலும் ஒரு பின் இலக்கம் போடுவது நல்லது: மூன்று முறை பிழையானால் பூட்டிக்கொள்ளும், சிம் வந்த அட்டையில் உள்ள பியுகே இலக்கம் திறக்கும். பியுகே பத்து முறை பிழைத்தால் சிம் செத்தது, அட்டையை எறியாதீர்கள்.

போன் வாங்கும்போதே *#06# அடித்தால் 15 இலக்க ஐஎம்ஈஐ, அதாவது அந்தப் போனுக்கே உரிய அடையாள எண், வரும். இரண்டாம் கைப் போன் என்றால் ஐஎம்ஈஐ என்று ஆங்கிலத்தில் எழுதி, ஒரு இடைவெளி விட்டு, அந்த 15 இலக்கத்தையும் 1909 இற்கு எஸ்எம்எஸ் அனுப்பி, தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணைக்குழுவில் பதிவு உண்டா என்று பார்த்துவிட்டுக் காசு கொடுங்கள். எண்ணை ஒரு கொப்பியின் கடைசிப் பக்கத்தில் எழுதி வையுங்கள், போனுக்குள் அல்ல.

தொலைந்தால் செய்ய வேண்டிய ஒழுங்கு இது.

1. வேறு போனில் இருந்து கோல் எடுத்துப் பாருங்கள். யாராவது எடுத்தால் தனியே போய் வாங்காமல், சந்தியில் ஆட்கள் உள்ள இடத்தில் சந்தியுங்கள்.

2. இன்னொரு போனில் உங்கள் கூகுள் கணக்கால் நுழைந்து, தொலைந்த போனைப் பூட்டி, திரையில் வீட்டு இலக்கத்தைக் காட்டச் செய்யுங்கள். போன் உயிரோடும் டேட்டாவோடும் இருக்கும்வரைதான் இது பெரும்பாலும் நடக்கும், ஆகவே பிந்தக்கூடாது.

3. சிம் நிறுவனத்துக்குச் சொல்லி சிம்மை நிறுத்துங்கள். பிறகு வங்கிக்கு.

4. கூகுள், பேஸ்புக் கடவுச்சொற்களை மாற்றுங்கள்.

5. ஐஎம்ஈஐ இலக்கத்தோடு பொலிஸில் முறைப்பாடு போட்டு, பிரதியை வாங்குங்கள். அந்தப் பிரதியை வைத்து பொலிஸின் ஐநீட் தளத்தில், அதாவது ஐநீட் டொட் பொலிஸ் டொட் எல்கே என்பதில், போனைப் பதியுங்கள். வேறு சிம் போட்டு யாராவது அதைப் பாவித்தால் ஐஎம்ஈஐ மூலம் தேட அது உதவும்.

6. அடையாள அட்டையோடு போய் அதே இலக்கத்தில் புதுச் சிம் எடுத்து, முதல் வேலையாக வட்ஸ்அப்பைப் பதியுங்கள்.

பழைய போனை விற்கும்போது இதே ஒழுங்கு தலைகீழாக வரும்: படங்களைப் பிரதி எடுத்து, கூகுள் கணக்கை நீக்கி, சிம்மையும் மெமரி கார்ட்டையும் கழற்றி, பக்டரி ரீசெற் செய்து, திரை 'வணக்கம்' என்று புதுப்போன் மாதிரி வந்ததைக் கண்ட பிறகுதான் கையில் கொடுக்க வேண்டும். கணக்கை நீக்காமல் ரீசெற் செய்தால் வாங்கியவர் உங்கள் கடவுச்சொல்லைக் கேட்டு வந்து நிற்பார். அப்போது சொல்லிக் கொடுக்காமல், போனை வாங்கி நீங்களே அடித்து நுழைந்து நீக்கிவிட்டுக் கொடுங்கள்.